மூணே முக்கால் விமானம்

தளவாய்: ஏட்டி, சிரிக்காத. நல்லா யோசிச்சுச் சொல்லு. நான் உன்கிட்ட பேசும்போது டார்ச் எங்க இருந்துச்சு?

சுகந்தி: எந்த டார்ச்? காஷ்மீர்ல இருந்துக்கிட்டு, குத்தாலத்துல நிக்கிற பொண்டாட்டிகிட்ட டார்ச்சைத் தேடுதீங்க...

தளவாய்: ஒரு மணி நேரம் முன்னால வீடியோல கூப்பிட்டியே... அருவியைக் காட்டுனியே... அப்ப.

சுகந்தி: தூரத்துல இருந்து காட்டும்போதா, கிட்டத்துல இருந்து காட்டும்போதா?

தளவாய்: அருவியை விடு! என் கையில டார்ச் இருந்துச்சா?

சுகந்தி: ஒரு கையில போனு. இன்னொரு கையில... ஸ்க்ரூடிரைவர்னு நினைக்கேன். இருங்க, ஸ்பீக்கர்ல போடுதேன். ஏ ஃபாயிஸா டீச்சர், நீங்களும் பக்கத்துல நின்னீங்களே?

ஃபாயிஸா: அண்ணன் வாயில வச்சிருந்தாங்க. பேச்சே ‘ஊம் ஊம்’னுதான் வந்துச்சு. என்னமோ திங்காங்கன்னு நினைச்சேன்.

தளவாய்: வாயில இருந்து எடுத்து எங்க வச்சேன், ஃபாயிஸா?

ஃபாயிஸா: அது தெரியலண்ணே. அதுக்குள்ள பஜ்ஜி வாங்கப் போயிட்டேன்.

சுகந்தி: ஒரு டார்ச்சுக்கா இந்தப் பாடு? வேற வாங்குனாப் போச்சு.

தளவாய்: உனக்குப் புரியல. இங்க எங்க பெட்டியில ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பள்ளம் உண்டு. வேலை முடிஞ்சதும் எல்லாம் அதுல வந்து உட்காரணும். டார்ச் பள்ளம் காலியாக் கெடக்கு.

சுகந்தி: அப்ப டார்ச் எங்க?

தளவாய்: அதைத்தானே கேக்குதேன்! பனியில விழுந்திருக்கலாம். இல்லன்னா...

சுகந்தி: இல்லன்னா?

தளவாய்: விமானத்துக்குள்ள.

சுகந்தி: விமானத்துக்குள்ளயா? அதுக்குள்ள எப்படிப் போகும்?

தளவாய்: மூக்குப் பக்கம் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கிட்டு இருக்கும். எம்புட்டு வேகத்துல போறோம்னு அதை வச்சுத்தான் பைலட்டுக்குத் தெரியும். பனி அடைக்காம இருக்க அதைச் சூடாவே வச்சிருக்கணும். சூடு வரல. உள்ள ஒயரை மாத்துனேன். மாத்திட்டு மூடியைப் போட்டுட்டேன்.

சுகந்தி: டார்ச்சை உள்ள வச்சா?

தளவாய்: தெரியலயே! அதுக்குள்ள எத்தனையோ கம்பி ஓடுது. ஆடுற ஆட்டத்துல எங்க போய் மாட்டுமோ...

சுகந்தி: விமானம் எப்பக் கிளம்பணும்?

தளவாய்: மூணே முக்காலுக்கு.

சுகந்தி: இப்ப மூணரை ஆகுதே! எத்தனை பேரு?

தளவாய்: நூத்தி நாப்பத்தேழு.

சுகந்தி: ஆத்தாடி... இல்ல, பயப்படாதீங்க. டார்ச்சைச் சட்டைப் பையிலதான் வச்சீங்க. நான் பாத்தேன்.

தளவாய்: நிசமாவா?

சுகந்தி: ஆமா... மேல் பையில.

தளவாய்: இந்தக் கோட்டுக்கு மேல் பையே கிடையாதே.

சுகந்தி: அப்பக் கீழ்ப் பையில...

தளவாய்: வீடியோல என் நெஞ்சுக்குக் கீழ தெரியாது, சுகந்தி.

சுகந்தி: ...நான் பாக்கல. இப்பதான் குழல்வாய்மொழி அம்மனுக்கு நெய்விளக்கு போட்டுட்டு வந்தேன். அந்தக் கையோட பொய் சொல்லுதேன் பாருங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதேன்னு...

தளவாய்: சாமானை எண்ணியாச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். எண்ணல.

சுகந்தி: ஏங்க எண்ணல?

தளவாய்: குளிரு. விரல் மரத்துப் போச்சு. நேரமாச்சு நேரமாச்சுன்னு ஆளாளுக்கு... அதோட போனு. விமானத்துகிட்ட நின்னுக்கிட்டு போனே எடுக்கக் கூடாது. நீ மூணு தடவை அடிச்சியா, வீட்டுல யாருக்கும் என்னமோன்னு நினைச்சுட்டேன்.

சுகந்தி: மார்கழியில இம்புட்டுத் தண்ணி விழுதேன்னு காட்டத்தானே அடிச்சேன்... பாவி நான்.

தளவாய்: நீ என்ன செய்வ? எடுத்தவன் நான்.

சுகந்தி: விமானத்தை நிறுத்தச் சொல்லுங்க.

தளவாய்: சொன்னா எல்லாம் வெளிய வரும். எட்டு வருசம் படிச்சு வாங்குன லைசென்சு...

சுகந்தி: எனக்குத் தெரியாதா? எட்டு வருசமும் கூடவேதானே இருந்தேன். நிறுத்தச் சொல்லுங்க.

தளவாய்: டார்ச் பனியில கெடந்துச்சுன்னா?

சுகந்தி: கெடந்துட்டுப் போகுது. திட்டுனா வாங்கிக்கிடுவோம். அவங்க வீடு போய்ச் சேரட்டும்.

ஃபாயிஸா: அண்ணே, எங்க வீட்டுலயும் ரெண்டு பேரு துபாய் போய்ட்டு வந்துட்டு இருக்காங்க. யாரோ ஒருத்தரு ஒழுங்காப் பாத்து அனுப்புறதாலதானே வீடு வந்து சேருதாங்க... சொல்லிருங்கண்ணே.

சுகந்தி: ஏங்க? லைன்ல இருக்கீங்களா?

தளவாய்: இரு... யாரோ கூப்பிடுதாங்க.

சுகந்தி: மணி மூணு நாப்பதுங்க! ஏங்க...

தளவாய்: கெடைச்சிருச்சு.

சுகந்தி: எங்க, பனியிலயா?

தளவாய்: உள்ள. கம்பியோட கம்பியாச் சாஞ்சு கெடந்திருக்கு.

சுகந்தி: அம்மா, தாயே... எனக்கு ஒண்ணும் புரியலயே. இப்பத்தானே நிறுத்தச் சொன்னேன். அதுக்குள்ள எப்படித் தொறந்தாங்க?

தளவாய்: உனக்கு அடிக்கிறதுக்கு முன்னாலயே சொல்லிட்டேன். ஆளுகளை எல்லாம் இறக்கியாச்சு. எங்கன தேடணும்னு தெரியாமத்தான் உன்கிட்ட கேட்டேன்.

சுகந்தி: அதை ஏன் இம்புட்டு நேரம் சொல்லல?

தளவாய்: போன் பேசுனதையும் எழுதிக் கொடுத்துட்டேன், சுகந்தி. லைசென்சை வாங்கி வச்சுக்கிட்டாங்க... நிறுத்தச் சொல்லுன்னு நீயே சொல்ற வரைக்கும், அதை உன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல.