ஒரு நடைக்கு ஒரு ரோல்

பனியைப் படம் எடுக்கும்போது லைட் மீட்டர் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. எதைக் காட்டினாலும் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொள்ளும் கருவி அது. அதன் பேச்சைக் கேட்டால் பனி அழுக்குத் துணி மாதிரி விழும். கொஞ்சம் தாராளமாகவே வெளிச்சம் கொடுக்க வேண்டும். உங்கள் மேசையில் இருக்கும் முப்பத்தாறு படங்களிலும் பனி வெள்ளையாக இருப்பது அதனால்தான். இங்கே யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நேற்று உங்கள் இளைய அதிகாரி பத்தொன்பதாவது படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. அதன் பிறகு நான் குடித்த தேநீர்க் கோப்பையைக் காகிதம் சுற்றித்தான் எடுத்துப் போகிறார்.

எனக்கு அது புதிதில்லை. மூன்றாம் வருடத்தில் பல்கலைக்கழகத்தை விட்டேன். பதினோரு வருடமாக இரவு முழுக்கத் திறந்திருக்கும் கடையில் கல்லாவில் நிற்கிறேன். குளிர்காலத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஓதென் என்னும் குழம்புச் சட்டி கொதித்துக்கொண்டிருக்கும். குடித்துவிட்டு வருகிறவர்கள் அதன் மேல் குனிந்து முள்ளங்கியைத் தேடுவார்கள், தும்முவார்கள், பிறகு அதையே வாங்கிப் போவார்கள். அந்தக் குழம்பு நாற்றமும் ஃபிலிம் கழுவும் மருந்து நாற்றமும் என் கையை விட்டுப் போவதில்லை. சில்லறையை என் கையில் தராமல் தட்டில் போடச் சொல்லும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் பழைய நகரத்தில் நடப்பேன். கனசாவாவில் மண்சுவர்ச் சந்துகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே நிற்க முடியாது. வாடகைக் கிமோனோ கட்டிய கூட்டம், தங்கத்தகடு ஒட்டிய ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு வரும். உதட்டில் தங்கம் ஒட்டியிருக்கும். கைப்பேசியை நீட்டி ஒரே சுவரை நாற்பது தடவை எடுக்கும். குச்சியையும் காகிதத்தையும் வாய்க்காலில் போட்டுவிட்டுப் போகும். அந்த வாய்க்கால் முந்நூறு வருடம் பழையது. காலையில் அதில் மிதப்பதைப் பார்த்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அதனால்தான் ஹிகுச்சியின் குழுவில் சேர்ந்தேன். ஹிகுச்சி ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் பழைய கேமராக்களோடு நடப்போம். மூன்றே விதிகள். ஒரு நடைக்கு ஒரு ரோல், முப்பத்தாறு படம், அதற்கு மேல் கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் நேரத்தையும் வெளிச்ச அளவையும் நோட்டில் எழுத வேண்டும். மூன்றாவது, காட்சியைத் தொடக் கூடாது. கீழே கிடக்கும் இலையைக்கூட நகர்த்தக் கூடாது என்பார் ஹிகுச்சி. பார்த்ததை எடு, பிடிக்கவில்லை என்றால் நடந்து போ. என் வாழ்க்கையில் எனக்குப் பிடித்துப் பின்பற்றிய விதிகள் இவை மட்டுமே.

சோனோதா யோஷியேவும் அந்தக் குழுதான். வயது அறுபத்தொன்று என்று உங்கள் தாளில்தான் பார்த்தேன். சத்தமாகப் பேசுவார், வாயில் மிட்டாய் வைத்துக்கொண்டே பேசுவார். ஜனவரியில் ஹிகுச்சி வீட்டு மாடியில் எல்லோரும் தங்கள் படங்களைக் கயிற்றில் மாட்டினோம். சோனோதா என் படங்களுக்கு முன்னால் வந்து நின்றார்.

“கமாதா, உன் ஊர்ல மனுஷங்களே கிடையாதாப்பா? சுவரு, சுவரு, அப்புறம் இன்னொரு சுவரு. அந்தச் சுவருக்கே சலிச்சுப் போயிருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“விடுங்க சோனோதா சான்,” என்றார் ஹிகுச்சி. “ராத்திரி பூரா கடையில மனுஷங்களப் பார்த்துப் பார்த்து நொந்து போயிருக்கான்.”

“அதுக்காக? ஒரு மூஞ்சியாவது வேணாமா? ஆளு கிடைக்கலேன்னா என்னைக் கூப்பிடு கமாதா, நானே வந்து நிக்கிறேன். ஒரு காபி வாங்கிக் குடுத்தாப் போதும்.”

பேசும்போது மிட்டாய் எச்சில் ஒரு துளி என் படத்தில் தெறித்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் வீட்டுக்குப் போய் அந்தப் படத்தை எறிந்துவிட்டேன். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நீங்கள் கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள், கோபம் இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆள் இல்லாத படம் அரைப் படம்தான்.

பிப்ரவரியில் அந்த ஞாயிறு, இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. நடை ரத்து என்று ஹிகுச்சி காலையிலேயே செய்தி அனுப்பினார். நான் வேலை முடித்துத் தூங்கி எழுந்து தனியாகக் கிளம்பினேன். சோனோதாவின் வீடு இருக்கும் சந்தின் இரண்டு முனைகளையும் பனி அடைத்திருந்தது. ஏறித்தான் உள்ளே போக வேண்டும். அதனால் ஒரு சுற்றுலாப் பயணிகூட இல்லை. பனி அரிக்காமலிருக்க வைக்கோல் பாய் தொங்கவிட்ட மண்சுவர், மேலே கறுப்பு ஓடுகள், மனிதக் காலடி படாத பனி. பதினோரு வருடத்தில் அந்தச் சந்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

அவர் தன் வீட்டுக் கூரை விளிம்புக்குக் கீழே இருந்தார். வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து மேலே விழுந்திருக்கிறது. மார்பு வரை புதைந்திருந்தார். வலது கை மட்டும் வெளியே.

“யாரு, கமாதாவா? அப்பாடா. வாழ்க்கையில முதல் தடவையா உன்னப் பார்த்து சந்தோஷப்படறேன்டா. அந்த ஷவல எடு, தோண்டு. கால் இருக்கா இல்லையான்னே தெரியல.”

“ஒரு நிமிஷம்,” என்றேன்.

கேமராவைத் தூக்கியதைப் பார்த்துச் சிரித்தார். “படமா? எடு, எடு. நிக்கிறேன்னு நாந்தானே சொன்னேன். பாரு, வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன். கேவலமா இருப்பேன், இருந்தாலும் எடு. எடுத்துட்டு என்னத் தூக்கு.”

அவர் சம்மதம் தந்தார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். முதல் படம் பன்னிரண்டு நாற்பதுக்கு.

சோனோதா இறந்தது எப்போது என்று மருத்துவர் சொன்ன நேரத்தோடு எனக்கு வாதம் இல்லை. நான் எப்போது பார்த்தேன் என்று நீங்கள் கேட்டபோது நோட்டை நானே எடுத்துக் கொடுத்தேன். நோட்டில் பொய் எழுதி எனக்குப் பழக்கம் இல்லை. அதைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் என்னை வீட்டுக்குப் போக விடவில்லை. என் இடத்தில் ஹிகுச்சி இருந்தாலும் கொடுத்திருப்பார்.

ஆறாவது படம் வரை மேகம் இருந்தது. மேகத்தில் மண்சுவர் செத்த மாதிரி இருக்கும். ஒன்று ஐந்துக்குச் சூரியன் எட்டிப் பார்த்தது. வெளிச்சம் எதிர் வீட்டு ஓடுகளில் விழுந்தது, இன்னும் சுவருக்கு இறங்கவில்லை. இறங்க நேரமாகும் என்று தெரியும். காத்திருந்தேன். இந்த ஊரில் பிப்ரவரி வெயில் எத்தனை நாள் வரும் என்று உங்களுக்கும் தெரியும்.

“கமாதா, போதும்ப்பா. வெளையாட்டு போதும். மூச்சு முட்டுது.”

ஷவல் அவர் கைக்கு ஒரு முழத் தூரத்தில் கிடந்தது. அலுமினியம். வெயில் பட்டதும் பளிச்சென்று அடித்தது, படத்தில் அந்த இடம் ஓட்டை மாதிரி விழுந்திருக்கும். அதை எடுத்துப் படத்தில் விழாத இடமாகப் பார்த்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். எடுக்கும்போது தோண்டப் போகிறேன் என்று நினைத்துக் கையை நீட்டினார். எட்டாவது படத்தில் நீங்கள் பார்க்கும் நீட்டிய கை அதுதான். நல்ல கை.

பிறகு அவர் கைப்பேசி அடித்தது. கோமட்சுவில் இருக்கும் தங்கை என்று பிறகு சொன்னீர்கள். சட்டைப் பையிலிருந்து பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தது, சின்னப் பிள்ளைகளின் பாட்டு மாதிரி ஒரு மணி. அடிக்கும்போதெல்லாம் முகத்தைக் கீழே திருப்பிக்கொண்டு விரலால் துழாவினார். முகம் தெரியவில்லை. அதனால் அதை எடுத்து அணைத்து எதிர் வீட்டு வாசற்கல் மேல் வைத்தேன். நீங்கள் அங்கேதான் கண்டெடுத்தீர்கள். உடைக்கவில்லை, வாய்க்காலில் போடவில்லை. என்னை அந்தக் கூட்டத்தோடு சேர்க்காதீர்கள்.

அப்போது அவர் கேட்டார். “நான் என்னடா தப்பு பண்ணேன்? சுவருன்னு கிண்டல் பண்ணதுக்கா? அதுக்கா?”

“இல்ல சோனோதா சான். வெயில் இன்னும் சுவர்ல இறங்கல.”

உண்மையைத்தான் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராவது படம். ஜனவரியில் அவர் கேட்ட மூஞ்சி அது.

பிறகு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டுத் தோண்ட ஆரம்பித்தார். ஒரே கையால், கையுறை இல்லாமல். அந்த வயதுக்கு அது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. அரை மணி நேரத்தில் இடுப்பு வரை குழி பறித்துவிட்டார், இடது தோள் வெளியே வந்துவிட்டது. இன்னும் பதினைந்து நிமிடம் விட்டிருந்தால் தானே வெளியே வந்திருப்பார் என்று உங்கள் மருத்துவர் சொல்கிறார். இருக்கலாம்.

ஆனால் அந்தக் குழியை நீங்கள் பார்க்க வேண்டும். பார்த்திருக்கிறீர்கள், பதினெட்டாவது படம். வெள்ளைப் பனியில் சேறு. விரல் நகம் பிய்ந்த இரத்தம். மூக்கிலிருந்து ஒழுகியது தாடையில் உறைந்து தொங்கியது. கீழே பனி மஞ்சளாகி ஆவி வந்தது. வெறும் அருவருப்பு. இரண்டடி தள்ளி நின்ற எனக்கே வாடை அடித்தது. அந்த நேரம் பார்த்து வெயில் மண்சுவரில் இறங்கியது, வைக்கோல் பாய் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. அப்படி ஒரு சுவருக்கு முன்னால் அப்படி ஒரு அசிங்கம்.

பதினெட்டில் குழி இருக்கிறது, பத்தொன்பதில் இல்லையே, நடுவில் பனி பெய்ததா என்று இளைய அதிகாரி கேட்டார். வானிலை நிலையத்தில் விசாரித்தேன், பெய்யவில்லையே என்றும் அவரே சொன்னார். அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். அப்புறம்தான் எழுந்து வெளியே போனார்.

பெய்யவில்லை. ஷவலைத் திரும்ப எடுத்து வந்து நான்தான் மூடினேன். ஆறு முறை அள்ளிப் போட்டேன், சுத்தமான பனியாகப் பார்த்து. நான்காவது தடவையில் கையும் உள்ளே போய்விட்டது. மேலே ஷவலின் முதுகால் தட்டிச் சமமாக்கினேன். அவர் கத்தவில்லை. “அம்மா” என்று ஒரு தடவை சொன்னார், என்னிடம் இல்லை. தலைமுடியில் விழுந்த பனியை மட்டும் விரலால் தட்டிவிட்டேன், கண் தெரிய வேண்டும் என்பதற்காக.

பத்தொன்பதிலிருந்து முப்பத்தைந்து வரை அசைவே இல்லாமல் எடுக்க முடிந்தது. இரண்டு இருபதுக்குப் பிறகு கண் இமைக்கவில்லை என்பதை நோட்டில் எழுதியிருக்கிறேன். ஷட்டர் வேகத்தைக் குறைக்கலாம் என்பதற்கான குறிப்பு அது, அரசு வழக்கறிஞர் நினைக்கிற அர்த்தம் அதற்கு இல்லை. முப்பத்தாறாவது படம் இரண்டு ஐம்பதுக்கு. எடுத்து முடிக்கவும் மேகம் மூடிக்கொண்டது. சுவர் மறுபடி செத்துப் போனது. நான் நடந்து போய்க் காவல் சாவடியில் சொன்னேன். பன்னிரண்டு நிமிட நடை. இடையில் எங்கும் நிற்கவில்லை.

ஹிகுச்சி என் படங்களையெல்லாம் கயிற்றிலிருந்து அவிழ்த்துக் குப்பையில் போட்டுவிட்டார் என்று சொன்னீர்கள். சுவர்ப் படங்களைக்கூட. அதுதான் எனக்குப் புரியவில்லை. காட்சியைத் தொட்டேன், ஷவல், கைப்பேசி, பனி என்று மூன்று இடத்தில். அதை ஒப்புக்கொள்கிறேன். அவர் கேட்டால் அவரிடமே மன்னிப்புக் கேட்பேன். ஆனால் விதிகளையே மதிக்காதவன் என்று என்னைப் பற்றி அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

அன்றைக்கு என் பையில் இன்னொரு ரோல் இருந்தது. புதியது, பிரிக்காதது, நீங்களே எடுத்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். மாட்டியிருந்தால் இன்னும் முப்பத்தாறு எடுத்திருக்கலாம். நான் அதைத் தொடவே இல்லை. ஒரு நடைக்கு ஒரு ரோல்தான்.