ஆசிக் வேகவைத்த ஐரிஸ் கிழங்கு

ஷமீனா: கைய காட்டுங்க மச்சான்.

ஆசிக்: ஒண்ணுமில்ல ஷமீனா, கொசு...

ஷமீனா: கொசு ரெண்டு உள்ளங்கையையும் தேடித் தேடி கடிச்சுச்சாக்கும்? கண்ணு வேற செவந்திருக்கு.

ஆசிக்: அத விடு. அந்த காஷ்மீர்காரன் நல்லா ஏமாத்திட்டான். அத்தருக்கு போடுற ஐரிஸ் பூச்செடி கெழங்குன்னு ஒரு மூட்ட குடுத்தான், ஒரு பொட்டு வாசன இல்ல! இப்பவே போன போட்டு நாலு கேள்வி கேக்குறேன்.

ஷமீனா: போன கீழ வைங்க. பச்ச கெழங்குல வாசன வராது.

ஆசிக்: எம் பொண்டாட்டி லேப்புக்கு போனாலும் போனா...

ஷமீனா: ஆமா, செம்மங்குப்பம் சென்ட் லேப்ல எட்டு வருஷமா மோந்து பாத்தே சம்பளம் வாங்குறேன். கேளுங்க. பச்சயா இருக்கறப்ப அதுல இரிடால்னு ஒண்ணு இருக்கு. தோல்ல பட்டா எரியும், அரிக்கும். தின்னா வாந்திதான்.

ஆசிக்: அப்ப வெஷத்தயா வாங்கி வெச்சிருக்கேன்?

ஷமீனா: பறக்காதீங்க. அதயே தோல சீவி, காய வெச்சு, ஈரம் படாம வெச்சிருந்தா கொஞ்சங்கொஞ்சமா ஐரோனா மாறும். அந்த ஐரோன்தான் வாசன. கைய எரிச்ச அதே சாமான்தான் அத்தரா மணக்கும்.

ஆசிக்: எத்தன நாளு?

ஷமீனா: மூணு வருஷம்.

ஆசிக்: யா அல்லாஹ்! அத்தர் காய்ச்சுற துபாய்காரருக்கு வெள்ளிக்கெழம பத்து கிலோ வாசன கெழங்கு போவணும். மொத ஆர்டர் ஷமீனா... இது போச்சுன்னா சிதம்பரம் கடையில கடேசி வரைக்கும் ஊதுபத்தி வித்துக்கிட்டு கெடக்க வேண்டியதுதான்.

ஷமீனா: அதுக்காக?

ஆசிக்: என்ன... அதுக்காக?

ஷமீனா: கொல்லையில அண்டா அடுப்பு மேல இருக்கு. உள்ள என்ன?

ஆசிக்: தண்ணி...

ஷமீனா: மச்சான்.

ஆசிக்: ...பாதி மூட்ட. குறிஞ்சிப்பாடில நம்ம ஸ்ரீதர் மஞ்ச வேக வெக்கிறாப்லல்ல? வேவ வெச்சு காய வெச்சாதான் மஞ்சளுக்கே மதிப்புன்னாப்ல. இதுவும் கெழங்குதானேன்னு...

ஷமீனா: ஆவியில மூஞ்ச நீட்டி மோந்தும் பாத்தீங்க!

ஆசிக்: வாசன வருதான்னு பாக்கணும்ல?

ஷமீனா: இதுல காஷ்மீர்காரர திட்ட கெளம்பிட்டாரு... போயி சோப்பு போட்டு கைய கழுவுங்க. ஆர்டர் வெள்ளிக்கெழம போவும்.

ஆசிக்: எப்பிடி போவும்? ஒங்க லேப்ல மூணு வருஷத்த மூணு நாளா சுருக்குற மிஷின் இருக்கா?

ஷமீனா: பரண்ல எம் பழய துணி மூட்ட இருக்குல்ல, அத எறக்குங்க.

ஆசிக்: துணிய வெச்சு...

ஷமீனா: துணி இல்ல. மூணு வருஷத்துக்கு முந்தி இதே மாதிரி ஒரு மூட்டய, வாசன இல்லன்னு குப்பையில கொட்டுனீங்க. நீங்க அந்தாண்ட போனதும் நான் வாரிட்டு வந்து, சீவி, காய வெச்சேன். பன்னெண்டு கிலோ தேறும்.

ஆசிக்: அது துணி இல்லன்னு எனக்குத் தெரியும்மா. துபாய்க்கு சாம்பிளுன்னு அனுப்புனதே அதுலேருந்து எடுத்த ஒரு கைப்பிடிதான், நீ என்ன செஞ்சு அத மணக்க வெச்சேன்னுதான் தெரியல... அன்னிக்கு கொட்டாதீங்க மச்சான்னு நீ கெஞ்சுனப்ப, "கொழம்பு வெக்கப் போறியா"ன்னு கடையில அத்தன பேரு முன்னால சிரிச்சேன்ல? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஒங்கிட்ட கேக்குறதுன்னுதான் புதுசா ஒரு மூட்ட வாங்குனேன்.