பாலிதூரா தொகுதியின் கடைசி வாக்கு

(1885 நவம்பரில், பாலிதூரா சந்தை மண்டபத்தில் நடந்த பிரிவு உபசாரக் கூட்டத்தில் ரொட்டிக் கடைக்காரர் ஜெரமையா கீஹன் ஆற்றிய உரை)

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசி முடித்த பிறகும் நாற்காலியில் நிமிர்ந்து வீற்றிருக்கும் நகர மன்றத் தலைவர், பெருந்தகை பார்த்தலமியூ ஷைன் அவர்களே! எனக்கு ஞானஸ்நானம் கொடுத்ததோடு நில்லாமல், இன்றுவரை நேரம் கிடைக்கும்போதெல்லாம் புத்திமதியும் கொடுத்துவரும் பங்குத்தந்தை லோனர்கன் அவர்களே! நாற்பது ஆண்டுகள் இந்த ஊரின் வாக்குப் பதிவேட்டைத் தம் கைக்குழந்தையாய்க் காத்த எழுத்தர், பெரியவர் டூலன் அவர்களே! மாடத்தில் அமர்ந்து, யார் என்ன சொன்னாலும் அதற்கு மேலே ஒன்று சொல்லத் தயாராய் இருக்கும் தாய்மார்களே! வலையைக் கரையில் வைத்துவிட்டு வந்திருக்கும் மீனவத் தோழர்களே! வாக்குரிமை பெற்ற வணிகர்களே! வாக்குரிமை இல்லாவிட்டாலும் வாய் உரிமையை ஒருநாளும் விட்டுக்கொடுக்காத என் வாடிக்கையாளர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

(ஒரு குரல்: "வணக்கம் இருக்கட்டும் ஜெர், உன் ரொட்டி வரவர சின்னதாயிட்டே போகுதே!")

ரொட்டி சிறிதாகவில்லை மிக், உன் வயிறுதான் பெரிதாகிவிட்டது. கொஞ்சம் பேச விடு.

இன்று நண்பகலோடு பாராளுமன்றம் கலைந்தது. அதனோடு நம் பாலிதூரா தொகுதியும் முடிந்தது. இனி நமக்கென்று ஓர் உறுப்பினர் இல்லை. அடுத்த வாரம் நாம் போடும் வாக்கு, மலைக்கு அந்தப் பக்கம் வாழும் ஆயிரமாயிரம் பேரின் வாக்கோடு மாவட்டக் கணக்கில் கலந்துவிடும். நியாயம்தானே என்று கேட்கிறீர்களா? நியாயம்தான்! இருநூறு பேர் உள்ள ஊருக்கு ஓர் உறுப்பினர், எட்டாயிரம் பேர் உள்ள ஊருக்கும் ஓர் உறுப்பினர் என்றால் அது என்ன முறை? அறிவு ஏற்கிறது. ஆனால் ஐயா, நெஞ்சு கேட்க மாட்டேன் என்கிறதே!

என்ன தொகுதி இது? எப்படிப்பட்ட தொகுதி இது? என் பாட்டன் காலத்தில் இங்கே தேர்தல் எப்படி நடந்தது தெரியுமா? பதின்மூன்றே பேருக்கு வாக்கு. பதின்மூவரும் பிரபுவின் மாளிகைக்குப் போவார்கள். சாப்பிடுவார்கள். பிரபு தன் மைத்துனனைக் கை காட்டுவார். பதின்மூன்று கைகள் உயரும். பிறகு பழம் வரும். ஊருக்கு உறுப்பினர் யார் என்ற செய்தி, பாத்திரம் கழுவிய பெண்கள் வெளியே வந்து சொன்னால்தான் ஊருக்கே தெரியும்.

அப்புறம் சட்டம் மாறியது. வீடும் கடையும் வைத்திருந்த நூற்றைம்பது சொச்சம் பேருக்கு வாக்கு வந்தது. வாக்கு வந்ததும் வம்பும் வந்தது! தையற்காரர் டிம் கிராஸ்பியை மறந்திருக்க மாட்டீர்கள். தேர்தலுக்கு முன்னால் எதிர்க்கட்சிக்காரர்கள் அவரைத் தூக்கிப் படகில் போட்டு, மூன்று நாள் நடுக்கடலில் வைத்து விஸ்கியும் வேகவைத்த ஆட்டிறைச்சியுமாய்க் கவனித்து, வாக்குப்பதிவு முடிந்த பிறகு கொண்டுவந்து இறக்கினார்கள். கரையில் கால் வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாரு ஜெயிச்சாங்க?" என்பதல்ல. "அடுத்த எலெக்‌ஷன் எப்போ?" என்பதுதான்! அடுத்த தேர்தலுக்கு, சவரம் செய்து, தொப்பி போட்டு, காலையிலேயே துறையில் வந்து நின்றார் மனிதர். யாரும் தூக்கவில்லை. "ஏம்ப்பா, என்னை மறந்துட்டீங்களா?" என்று படகு படகாகப் போய்க் கேட்டாராம்.

(சிரிப்பு. மாடத்திலிருந்து ஒரு பெண் குரல்: "எங்கப்பாவைச் சொல்றியா ஜெர்? இரு, உன்னைப் பத்தியும் எங்களுக்குத் தெரியும்!")

தெரியும் அம்மா. உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லத்தான் இன்று இந்த மேடை ஏறினேன்.

இதோ, நான் நிற்கிறேனே, இந்தப் பலகைகள். இவை அந்நாளில் தேர்தலுக்குத் தேர்தல் வெளியே சந்தை முகப்பில் மேடையாக எழுந்த பலகைகள். இளையவர்களுக்குத் தெரியாது. அப்போது சீட்டு இல்லை, பெட்டி இல்லை, திரை இல்லை. வாக்காளன் இந்தப் படியேறி, ஊர் முழுதும் பார்க்க நிற்பான். எழுத்தர் கேட்பார்: "யாருக்கு உன் ஓட்டு?" அவன் வாய் திறந்து பெயர் சொல்ல வேண்டும். வாக்கு என்றால் அது வாய்ச்சொல்! கீழே ஒரு பக்கம் பிரபுவின் ஆட்கள் காது கொடுத்து நிற்பார்கள். மறுபக்கம் வாக்கில்லாத ஊர் நிற்கும். மீனவர், கூலிக்காரர், பெண்கள் எல்லோரும் நிற்பார்கள். பிடித்த பெயரைச் சொன்னால் ஆரவாரம், பிடிக்காத பெயரைச் சொன்னால் ஊளை.

1865, ஜூலை மாதம். ஒரு பக்கம் பிரபுவின் வேட்பாளர் கேப்டன் ஃபென்விக். மறுபக்கம் யார்? காய்ச்சல் வந்த வீடெல்லாம் கதவைத் தட்டாமல் நுழைந்த நம் டாக்டர் டெவரோ! அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பிரபுவின் நிலத்தில் குத்தகைக்கு அப்பா விட்டுப்போன கடை, அதோடு ஒரு வாக்கு. அந்த இலையுதிர் காலத்தில் எனக்கும் ஹனோரா டின்னீனுக்கும் திருமணம் என்று பேசி முடித்திருந்தார்கள். கயிற்றுக் கடை மாலக்கி டின்னீனின் தங்கை. அவள் அம்மாவைக் காய்ச்சலிலிருந்து மீட்டவர் டாக்டர். வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் கடைக்கு வந்து, மாவுக் கையோடு நின்ற என்னிடம் அவள் சொன்னாள்: "நாளைக்கு நான் படிக்குப் பக்கத்துலயே நிப்பேன். நீ சொல்றது எனக்குக் கேக்கணும்."

"கப்பல்ல இருக்கறவனுக்கே கேக்கும், பாரு" என்றேன். அப்படித்தான் சொன்னேன் ஐயா.

விடிந்ததும் பிரபுவின் ஏஜெண்ட் கடைக்கு வந்தார். ஒரு ரொட்டியை எடுத்து அழுத்திப் பார்த்தார். "கீஹன், உன் குத்தகை மார்ச்சோட முடியுது இல்ல? பிரபு யாரையும் வற்புறுத்த மாட்டார். உனக்குத் தோணறதைச் செய்" என்றார். ரொட்டியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலை முழுதும் அடுப்படியிலேயே சுற்றினேன்.

மூன்று மணிக்கு வெளியே வந்தேன். எதிரே சத்திரத்துச் சுவரில் நம் கட்சியின் பலகை. சுண்ணாம்புக் கட்டியால் பெரிதாக எழுதியிருந்தார்கள்: "டெவரோ முன்னிலை, பதினொன்று!" அப்பாடா என்று மூச்சு விட்டேன். பதினொன்று! நான்கு மணிக்கு வாக்குப்பதிவு முடியும்; மூன்று மணிக்கே பதினொன்று என்றால் வெற்றி கையில் வந்தாயிற்றே. என் ஒரு வாக்கு எதற்கு? கேப்டன் பெயரைச் சொல்லிக் கடையைக் காப்பாற்றிக்கொள்வோம், டாக்டரும் ஜெயிப்பார், சாயங்காலம் ஹனோராவிடம் விளக்கிச் சொன்னால் சிரித்துவிடுவாள். எவ்வளவு கெட்டிக்காரன் நான்! எவ்வளவு பெரிய கெட்டிக்காரன்!

படியேறினேன். டூலன் ஐயா கேட்டார். "ஃபென்விக்" என்று முணுமுணுத்தேன். பேனாவை எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். "கேக்கல. சத்தமா சொல்லு." சட்டம் அப்படி. அதனால் சத்தமாகச் சொன்னேன், ஐயா. "ஃபென்விக்!"

ஊர் ஊளையிடும் என்று நினைத்தேன். இடவில்லை. ஒரு சத்தமும் இல்லை. அதைவிட ஊளையிட்டிருக்கலாம்.

நான்கு மணிக்கு முடிவு வந்தது. ஃபென்விக் எண்பத்து நான்கு. டெவரோ எண்பத்து மூன்று.

கணக்குத் தெரியாதவர்கள் யாரும் இங்கே இல்லை. நான் ஒருவன் மாறிச் சொல்லியிருந்தால்? அதே எண்கள், மற்றவர் பக்கம்! ஹனோரா படியின் கீழேயே நின்றிருந்தாள். "பலகையில பதினொண்ணுன்னு போட்டிருந்துச்சு..." என்று ஆரம்பித்தேன். அவள் கத்தவில்லை. "நூத்தி அறுபத்தேழு பேருக்கு ஓட்டு இருக்கு, ஜெர். எனக்கு இல்ல. எனக்குன்னு இருந்த ஒரே ஓட்டு உன் வாயிலதான் இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். செப்டம்பரில் ஹாலிஃபாக்ஸுக்குக் கப்பல் ஏறினாள். அங்கே அவளுக்குக் குடும்பம் உண்டு என்று கேள்வி. நன்றாக இருக்கட்டும், நூறாண்டு இருக்கட்டும்.

கடை பிழைத்தது. ஆறு மாதம் யாரும் ரொட்டி வாங்கவில்லை. அப்புறம் பசி வந்தது, வாங்கினீர்கள். நீங்கள் என்னை மன்னித்தீர்கள். மாலக்கி மட்டும் இருபது ஆண்டுகளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் வீட்டு ரொட்டி அடுத்த ஊரிலிருந்து வருகிறது.

பிறகு ரகசிய வாக்கு வந்தது. அதை நான் பழிப்பேனா? பழித்தால் என் நாக்கு அழுகிப்போகும்! அது மட்டும் ஏழாண்டு முன்னதாக வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எத்தனை கடைகளைக் காத்தது, எத்தனை குடும்பங்களைக் காத்தது! ஆனால் என் நிலையைப் பாருங்கள். 1874-இல் டாக்டர் மறுபடி நின்றார். திரைக்குப் பின்னால் போய், கட்டைப் பென்சிலால் டெவரோ பெயருக்கு நேராகக் குறி போட்டேன். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டேன்! பெயரை உரக்கச் சொல்ல வாய் திறந்தேன். அதிகாரி, "யோவ், வாயை மூடு! இங்க யாரும் பேசக் கூடாது!" என்று அதட்டினார். வெளியே ஓடிவந்து, "டெவரோவுக்குப் போட்டேன்! டெவரோவுக்குப் போட்டேன்!" என்று தெருத்தெருவாகச் சொன்னேன். என்ன சொன்னீர்கள் எனக்கு?

(பல குரல்கள்: "ஆமா, நீ சொன்னா நம்பணும்!")

அதேதான். இன்னும் நினைவு வைத்திருக்கிறீர்களே! டாக்டர் ஜெயித்தார். ஐந்தாண்டு கழித்துக் காலமானார். 1880-இல் சீட்டில் அவர் பெயர் இல்லை. இப்போது தொகுதியே இல்லை. அதோ, மேசைமேல் இருக்கிறது 1865-ஆம் ஆண்டுப் பதிவேடு. நாளை காலை வண்டியேறி மாவட்டத் தலைநகருக்குப் போகிறது. அதில் என் பெயர், அதற்கு நேரே ஃபென்விக். நான் செத்த பிறகும் அது அப்படியேதான் இருக்கும்.

பெருமக்களே! தேர்தலுக்கு ஏங்குகிறவன் உண்டா? பிரபுவின் காலத்துக்கு ஏங்குகிறவன் உண்டா? இல்லை, இல்லவே இல்லை! நான் ஏங்குவது ஒரே ஒரு கேள்விக்கு. இந்தப் பலகைமேல் நிற்கும்போது, இந்த ஊர் கேட்க, என்னை ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். இருபது ஆண்டுகளாகப் பதில் தொண்டையிலேயே நிற்கிறது. டூலன் ஐயா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். எழுத வேண்டாம். கேட்டால் போதும்.

(எழுத்தர் டூலன்: "அதெப்படி தம்பி முடியும்? வாக்குப்பதிவு நாலு மணியோட முடிஞ்சு போச்சு. இருபது வருஷம் ஆச்சு." சிரிப்பு.)

ஐயா சட்டம் தவறாதவர். சரி. நான் கேட்டதே தவறு. இத்துடன் என் உரையை...

(பின்வரிசையில் ஒருவர் எழுந்து நிற்கிறார்.)

யார் அது? வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை. மாலக்கியா?

(மாலக்கி டின்னீன்: "நான்தான். அந்தப் பலகையில பதினொண்ணுன்னு எழுதினவனும் நான்தான்.")

என்ன சொல்கிறாய்?

(மாலக்கி: "மூணு மணிக்கு முன்னிலை ரெண்டுதான். ரெண்டு கட்சிக்காரனும் கூட்டித்தானே எழுதுவான், வர்றவன் தெம்பா வரட்டும்னு. நானும் எழுதினேன். இவ்வளவு நாளா உன் மூஞ்சியைப் பாக்கவே எனக்குக் கூச்சம். கோபம்னு நீ நெனச்சுக்கிட்ட.")

மாலக்கி... மாலக்கி! இருபது ஆண்டுகளா? அடப்பாவி, அடுத்த ஊர் ரொட்டியையா தின்றாய், கூச்சத்துக்காக!

இல்லை. ஊர் கேட்கட்டும். சுண்ணாம்பு உன்னுடையது, வாய் என்னுடையது. உன் பலகை என்னை ஏமாற்றவில்லை, ஏமாறுவதற்கு ஒரு சாக்குத் தேடிக்கொண்டுதான் நான் கடையை விட்டு வெளியே வந்தேன். உட்கார், தம்பி.

(மாலக்கி: "உக்கார மாட்டேன். அவர் கேக்கலன்னா நான் கேக்கறேன். ஜெரமையா கீஹன், யாருக்கு உன் ஓட்டு?")



டெவரோ.

(மாலக்கி: "கேக்கல. சத்தமா சொல்லு.")

டெவரோ! டாக்டர் டெவரோவுக்கு! பாலிதூரா தொகுதியின் வாக்காளன், ரொட்டிக் கடை ஜெரமையா கீஹனின் வாக்கு டெவரோவுக்கு!

(மாடத்திலும் கீழேயும் நெடுநேரம் ஆரவாரம். மாலக்கி: "போதும், கேட்டுச்சு. இன்னிக்கே அவளுக்கு எழுதறேன்.")

தலைவர் அவர்களே, மேற்கொண்டு பேச எனக்கு வாய் வரவில்லை, மன்னியுங்கள். பேச வேண்டியதையும் பேசிவிட்டேன். பொறுமையாய்க் கேட்ட தாய்மார்களுக்கும், கேள்வி கேட்ட ஒருவனுக்கும் என் நன்றி. பாலிதூரா தொகுதிக்கு என் கடைசி வணக்கம். மாலக்கி, நாளைக் காலை ஆறு மணிக்கு அடுப்பு திறக்கும். வந்துவிடு.