நாலாவது மாடி வெயில்

இல்ல தம்பி, ப்ளக்கை இன்னும் பிடுங்காதீங்க. மொதல்ல காப்பியக் குடிங்க. இந்த இன்வெர்ட்டர் பெட்டில ஒரு குறையும் தெரியலல்ல? தெரியாது. வெளிய ரெண்டு சோலார் பலகையும் நல்லா இருக்குல்ல? இருக்கும். உக்காருங்க.

இதுங்கள பால்கனிக் கம்பில மாட்ட நான் பட்ட பாடு இருக்கே... என்னது, சட்டத்துல உரிமை இருக்கா? சட்டம் ஜோராத்தான் இருக்கு. வாடகைக்கு இருக்கிறவன் கேட்டா சும்மா முடியாதுன்னு சொல்லக் கூடாதாம். பெர்லின்ல உக்காந்து எழுதிட்டாங்க. இங்க கெம்னிட்ஸ்ல, இந்தக் கட்டடத்தைப் பாத்துக்குற க்ரேபர் அம்மாகிட்ட வந்து சொல்லச் சொல்லுங்க பாப்போம். அந்தம்மா முடியாதுன்னு ஒரு நாளும் சொல்லலியே! சரி ஹெர் ஃபீட்லர், ஆனா கம்பி தாங்கும்னு ஒரு இன்ஜினியர் எழுதித் தரணுமே. தந்தேன். சரி, ஆனா காத்துல பிச்சுக்கிட்டுக் கீழ எவன் தலைலயாவது விழுந்தா? இன்ஷூரன்ஸ் காட்டினேன். சரி, ஆனா கறுப்பா இருக்கே, தெருவுலேர்ந்து பாத்தா கட்டடத்தோட அழகு கெடுமே. எட்டிப் பாருங்க தம்பி! கம்யூனிஸ்ட் காலத்து சிமென்ட்டுப் பெட்டி. இதுல என்ன அழகு இருக்கு, கெடுறதுக்கு?

அப்புறம் சாதாரண ப்ளக்ல சொருகினா வீடு பத்திக்கும்னு ஆரம்பிச்சாங்க. நான் ட்ராம் ஓட்டினவன் தம்பி. தலைக்கு மேல அறுநூறு வோல்ட்டை வச்சுக்கிட்டே காலத்தை ஓட்டிட்டேன், இந்தச் சுண்டைக்காய் என்ன பண்ணிடும்? இப்படியே இழுத்து இழுத்து, வக்கீல் கடுதாசி போட்டப்புறம்தான் வழிக்கு வந்தாங்க. அதுவரைக்கும் ரெண்டு பலகையும் இதோ இந்த நடைலதான் கெடந்துச்சு. கக்கூஸுக்குப் போகணும்னா ஒருக்களிச்சுத்தான் போவேன்.

லாபமா? சிரிப்பு மூட்டாதீங்க. வெயில் கொளுத்துற நேரத்துல ஒத்த ஆளு என்னத்த ஓட்டுவேன்? ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு ரேடியோ. மிச்ச கரண்டெல்லாம் தெருக்கம்பிக்கு ஓசி, கரண்டு கம்பெனிக்காரன் ஒரு சென்ட் தர மாட்டான். வாஷிங் மெஷினை மத்தியானம் போடலாம்தான். எத்தனை சட்டையத்தான் தொவைக்கிறது? போட்ட காசு திரும்பி வர்றதுக்குள்ள என்னைக் கொண்டுபோய்ப் பொதைச்சிருப்பாங்க.

அப்ப எதுக்கு வாங்கினேனா? நான் எங்க வாங்கினேன்! எம்பொண்ணு ஸ்வென்யா, வடக்கே கீல்ங்கற ஊர்ல இருக்கா, காத்தாலை கம்பெனில வேலை. ஒரு கிறிஸ்துமஸுக்கு வண்டில போட்டுக் கொண்டுவந்து எறக்கிட்டா. பில் கொறையும்ப்பான்னு சொன்னா. எவ்வளவு கரண்டு வருதுன்னு அவ ஃபோன்லயே தெரியும், அங்கேர்ந்தே பாத்துக்குவா.

கெட்ட பொண்ணு இல்ல தம்பி. வேலை அப்படி. பொறந்த நாளைக்குப் பேசுவா, பண்டிகைக்குப் பேசுவா. மாட்டின வருஷம் நல்ல பனி, பலகை பூரா மூடிக்கிச்சு. கரண்டு சுத்தமா வரல. கொஞ்ச நேரத்துல ஃபோன். என்னப்பா, ஒண்ணுமே வரலியே, நீ நல்லா இருக்கியா? அப்புறம் முட்டி வலி எப்படி இருக்கு, ராத்திரிக்கு என்ன சமைச்ச, அம்மா இருந்தப்ப பண்ணின உருளைக்கெழங்கு சூப்புல என்ன போடுவான்னு... அன்னிக்கு ரொம்ப நேரம் பேசினோம். பனிய நான்தான் தட்டி விட்டேன். தட்டினதும் எல்லாம் சரியாயிடுச்சு. அப்புறம் ஃபோனே இல்ல.

அதான் சொல்றேன், அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வைங்க. பழுதெல்லாம் கெடையாது. நல்ல வெயில் அடிக்கிற நாளாப் பாத்து, கட்டில் விரிப்பை எடுத்து நான்தான் பலகை மேல போத்தி விடுவேன். உடனே கூப்பிட்டுடுவா. எப்பவும் கூப்பிடுவா.

நேத்தும் போத்தினேன். மத்தியானம் பூரா ஃபோன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அடிக்கல. இன்னிக்குக் காலைல அடிச்சுது, ஓடிப்போய் எடுத்தா உங்க ஆபீஸ். உங்க பொண்ணு கரண்டு வரலன்னு புகார் குடுத்திருக்காங்க, பழுது பாக்க ஆள் வர்றாரு, வீட்லயே இருங்கன்னாங்க.