கீழே இருந்த இன்பாக்ஸ்

ஆமாம் மேடம், ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் வருவது சாதாரண விஷயம்தான். யாருடைய கணினியிலும் வரலாம். பழைய கணினியை மாற்றிப் புதிதில் மெயில் புரோகிராமைப் போடும்போது, சர்வரில் ஏற்கெனவே இருப்பதைக் கவனிக்காமல் அது தன் பங்குக்கு இன்னொரு செட்டை உருவாக்கிவிடும். இன்பாக்ஸ் இரண்டு, சென்ட் இரண்டு, டிராஃப்ட்ஸ் இரண்டு. எங்கள் ராயபுரம் ஆபீசிலும் அதுதான் நடந்தது. கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் சின்ன ஆபீஸ். முதலாளி கருணாகரன் சார். வேலைக்கு நான் ஒருத்தி.

சார் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

“இன்னா நர்மதா இது, நான் ஒன்னுமே போடலியே, புது கம்ப்யூட்டர் வந்ததுலேர்ந்து எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. ஒன்ன வெச்சிக்கினு இன்னொன்ன தூக்கும்மா. பேஜாரா கீது.”

“கீழ இருக்கறத எப்பனா தொறந்து பாத்தீங்களா சார்?”

“அத இன்னாத்துக்கு நான் தொடப்போறேன்? மேல இருக்கறத படிக்கவே நேரமில்ல.”

அவர் துறைமுகத்துக்குக் கிளம்பிப் போனதும் நான் திறந்து பார்த்தேன். எனக்கு முன்பு அங்கே வேலை பார்த்த யாசின், ஒரு கப்பல் கம்பெனியின் மெயில்கள் மட்டும் தனியாகப் போய் விழும்படி ஒரு விதி போட்டிருந்தார். புதுக் கணினி வந்தபிறகு அவை கீழே இருந்த இன்பாக்ஸில் விழுந்துகொண்டிருந்தன. யாரும் படிக்கவில்லை. எல்லாம் ஒரே ஆள் எழுதியவை. புளியந்தோப்பு சித்தார்த். நாங்கள் அனுப்பிய பையன்தான்.

அவன் போன கப்பல் வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. கப்பலின் முதலாளி அதை ஆட்களோடு அப்படியே கைவிட்டுவிட்டார். அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. பழைய சாட்டிலைட் பெட்டி ஒன்று இருந்தது. அதில் முன்பே பதிந்து வைத்த முகவரிகளுக்கு மட்டும் மெயில் போகும். இந்த ஊரில் அப்படி இருந்தது எங்கள் ஆபீஸ் முகவரி ஒன்றுதான். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தான்.

முதல் மெயில் கருணாகரன் சாருக்கு. கம்பிவடம் அறுந்து காலில் அடித்துவிட்டது, டாக்டர் வேண்டும், துறைமுகத்துக்குச் சொல்லுங்கள். நான்கு வரி. அடுத்ததும் அப்படியே. பதில் வராமல் போகப் போக மெயில்கள் நீண்டன. ஒரு கட்டத்தில் சாரை விட்டுவிட்டான். ‘இதைப் படிக்கிறவங்களுக்கு’ என்று தொடங்கினான்.

அந்த வரியை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் படித்துக்கொண்டிருந்தது நான்தான்.

தூரத்தில் எண்ணெய்க் கிணறுகளில் எரியும் தீயைப் பற்றி எழுதியிருந்தான். மணலிப் பக்கம் புகைபோக்கியில் எரியுமே, அதைக் கடலில் நட்டு வைத்தது போல என்று. ஒற்றைக்கால் பறவை ஒன்று தினமும் கம்பியில் வந்து உட்காருமாம். தன் சோற்றில் அதற்கும் வைப்பானாம். ‘எனக்கும் அதுக்கும் இப்ப ஒரே கணக்கு, ஆளுக்கு ஒரு காலு’ என்று எழுதியிருந்தான். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எர்ணாவூரில் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசுவதில்லை மேடம். எனக்கு இப்படி யாரும் எழுதியதில்லை.

கீழே இருந்ததை மேலே இழுத்துப் போட்டு, விதியை மாற்றி, காலியான ஃபோல்டரை அழித்திருக்க வேண்டும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. நான் சாருடைய கணினியில் அந்த ஃபோல்டருக்குப் பக்கத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். அந்த ஃபோல்டர் அவர் கண்ணிலிருந்து மறைந்தது. என் கணினியில் மறைக்கவில்லை.

“சூப்பர்மா, சுத்தமா கீது” என்றார் சார், வந்து பார்த்துவிட்டு.

பதில் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். யோசித்தேன். ஆனால் பதில் போனால் அவன் பழையபடி நான்கு வரிக்குத் திரும்பிவிடுவான். டாக்டர், தண்ணீர், டீசல், அவ்வளவுதான். யாரும் பதில் சொல்லாததால்தான் அவன் அப்படி எழுதினான். அந்த மௌனத்தை நான் தொடங்கவில்லை, கலைக்காமல் இருந்தேன். ‘உங்கள் மெயில் கிடைத்தது’ என்று ஒருமுறை அடித்தும் வைத்தேன். டிராஃப்ட்ஸில் இருக்கும், பாருங்கள். எனக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

காலைப் பற்றிய இடங்களை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவேன். எனக்கு ரத்தம், சீழ் எல்லாம் ஆகாது.

அவன் அம்மா ரமாபாய் அடிக்கடி ஆபீசுக்கு வருவார். பெரும்பாலும் காலையில், சார் வெளியே போயிருக்கும் நேரம்.

“இன்னாம்மா, எம் புள்ள எதுனா மெயிலு போட்டானா?”

“போட்டிருக்காரும்மா. ஒரு பறவைக்கு தினமும் சோறு வைக்கிறாராம்.”

“வூட்ல இருந்தப்போ எனக்கு ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடுத்தவன் இல்ல. பறவைக்கு சோறு வெக்கிறானாமா. அது கலீஜ் பண்ணிட்டுப் போவும், யாரு கழுவுறது? அங்க இன்னா நானா கீறேன்?”

சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஒடம்பு எப்டி கீதாம்?”

“நல்லா இருக்காராம்.”

அது பொய் இல்லை மேடம். அந்த மெயிலின் முதல் பாதியில் அவன் நன்றாகத்தான் இருந்தான்.

“அந்தக் கடைசி வரிய இன்னொரு தபா படி கண்ணு” என்பார். படிப்பேன். ஒருமுறை எனக்கு வடகறி கொண்டுவந்தார். “உன்னியாட்டம் யாரும்மா இவ்ளோ பொறுமையா படிச்சிச் சொல்லுவாங்க” என்றார். நானும் அவரும் அந்த மெயில்களுக்காகக் காத்திருந்தோம். எங்களுக்குள் பெரிய வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

துறைமுகத்துக்கு ஒரு போன் போதும், படகில் டாக்டர் போயிருப்பார். அது எனக்குத் தெரியும். அவன் கேட்டது அது ஒன்றுதான் என்பதும் தெரியும். நான் செய்யவில்லை.

சாருக்குத்தான் அங்கிருந்து போன் வந்தது, சித்தார்த் இறந்துவிட்டான் என்று. காலில் தொடங்கிய விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டதாம். சொந்தக்காரர்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டு ரமாபாயை அழைத்துவந்தார்கள். அவர் என்மேல் புகார் சொல்ல வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சாரிடம் சொன்னார்: “இந்தப் பொண்ணுதான் நைனா, வாரா வாரம் அவன் மெயில எனக்குப் படிச்சிக் காட்டுச்சி. போன வாரங்கூட நல்லாத்தான் கீறான்னு சொல்லுச்சி.”

“எந்த மெயிலு?” என்றார் சார்.

என் திரையில் குனிந்து பார்த்தார். மளமளவென்று கீழே தள்ளிக்கொண்டே போனார். இவ்வளவு வேகமாகத் தள்ளினால் எப்படிப் படிக்க முடியும் என்று நினைத்தேன். பிறகு போனை எடுத்து உங்கள் ஸ்டேஷனைக் கூப்பிட்டார்.

இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். கையெழுத்தும் போடுகிறேன். ஒரு விஷயம் மட்டும் பாக்கி. போன் வருவதற்கு முந்தின நாள் அவனிடமிருந்து ஒன்று வந்தது. அவன் மெயில்களை அவசரமாகப் படிப்பது எனக்குப் பிடிக்காது. சாவகாசமாகப் படிக்கலாம் என்று திறக்காமல் வைத்திருந்தேன். அதற்குள் கணினியை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். உங்களுக்கு அது ஒரு சாட்சியம். அவன் எழுதியது எனக்கு.

அதை ஒருமுறை எனக்குப் படித்துக் காட்டுங்கள் மேடம். மெதுவாக.