செத்த மோட்டார் கத்துமா?

தாராசுரம் பக்கம் யூரியாவுக்கு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர், பக்கத்தில் நின்ற பாயிடம் கொதித்துக்கொண்டிருந்தார்.

“மோட்டார் செத்துப்போச்சுன்னு சொல்றான் பாய். செத்த மோட்டார் கத்துமா?”

“எந்த மோட்டாருங்க, போர்செட்டா?”

“காருங்க. கதவைப் பூட்டினா சைடு கண்ணாடி தானா மடங்கணும். வலது பக்கம் மட்டும் பாதியிலேயே நின்னுடுது. உள்ள கிர்ர்ருன்னு சத்தம் வருது. வண்டி வாங்குன எடத்துலயே கொண்டுபோய்க் காட்டுனேன். கிட்ட வந்துகூடப் பார்க்காம, மடக்குற மோட்டார் செத்துப்போச்சு, மொத்தக் கண்ணாடியையும் மாத்தணுங்கிறான்!”

“மாத்திட்டீங்களா?”

“விடுவேனா? சத்தம் வந்தா மோட்டாருக்கு உயிர் இருக்குன்னுதானே அர்த்தம்? வீட்டுக்கு வந்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன். திருஷ்டிக்காகக் கண்ணாடியில கட்டியிருந்த கறுப்புக் கயிறு, நுனி பிரிஞ்சு, மடங்குற இடுக்குல போய்ச் சுத்திக்கிட்டுக் கிடக்கு. குறட்டால புடிச்சு இழுத்தேன். இப்ப பட்டுன்னு மடங்குது.”

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மடங்குற எடத்துல போய்க் கயிறு கட்டலாமாங்க?”

“நானா கட்டுனேன்? வண்டிய எடுக்கப் போன அன்னைக்கு, பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை டயர்ல நசுக்கி, அவனுங்களேதான் கட்டிவிட்டானுங்க!”

வரிசை ஓரடி நகர்ந்தது.

“கயித்தைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?”

“அதெப்படிப் போடுறது? பின்னாடி பம்பர்ல கட்டியிருக்கேன். வண்டி மேல மொதல்ல பட்டதே அவனுங்க கண்ணுதானே பாய்!”