கடைசி வினைமுற்று

திருத்துநர்: ...அக்டோபர் ஒன்பது, வியாழக்கிழமை, மாலை ஆறே முக்கால். தூறல். காற்று இல்லை.

அக்கா: தீர்மானத்துல தூறல் எதுக்குடா? சம்மதம், இல்ல சம்மதமில்லை. ரெண்டுல ஒண்ணு எழுது. கீழ நீ ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. முடிஞ்சுது.

இயக்குநர்: இல்ல மேடம், இருக்கட்டும். உங்க பெரியக்காவோட எட்டு நாவலும் இப்படித்தானே ஆரம்பிக்கும்? தேதி, மணி, வானிலை. ரெண்டாவது புத்தகத்துல பெய்யற மழையும் அஞ்சாவதுல பெய்யற மழையும் ஒரே மழைன்னு கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல...

திருத்துநர்: தம்பி, கதவைத் தடவினது போதும். வந்து உட்காருங்க.

இயக்குநர்: மன்னிச்சுக்கங்க சார். நாவல்ல வர்ற பச்சைக் கதவு நிஜமாவே இருக்கும்னு நான் நினைக்கல.

திருத்துநர்: நிஜமா இருக்கறதாலதான் நீங்க அதைத் தாண்டி உள்ள வந்தீங்க.

அக்கா: ஆரம்பிச்சுட்டான். தம்பி, நீங்க விஷயத்துக்கு வாங்க. நான் காலையிலேருந்து லேப்ல ஊர் ரத்தமெல்லாம் எடுத்துட்டு வந்திருக்கேன். இனி இவன் ரத்தம் கொதிக்கறதையும் பாக்கணும்.

இயக்குநர்: ஒரே ஒரு சொல் மேடம். எட்டாவது புத்தகத்தோட கடைசி வரி. "கதவைத் திறந்தேன். வந்தாள்." படம் முடியறப்ப கதாநாயகி குரல்ல அந்த வரி வருது. அதுல "வந்தாள்"ங்கறதை "வந்தது"ன்னு மாத்திக்கறேன். படத்தோட சேர்ந்து வர்ற புதுப் பதிப்புலயும் அப்படியே அச்சடிச்சுடலாம். போன வருஷம் அவங்க தவறினப்புறம் உரிமை உங்க ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு. அதனாலதான்...

திருத்துநர்: ஒரே ஒரு சொல். "ஆள்" விகுதியை எடுத்துட்டு "து" விகுதியை வைக்கறீங்க. ஆளையே எடுத்துட்டுத் துப்பற மாதிரி இருக்கு.

இயக்குநர்: பேய் சார் அது! பேய் அஃறிணை. இலக்கணமே அப்படித்தானே சொல்லுது?

திருத்துநர்: இலக்கணத்தை என்கிட்ட... சரி. எந்தப் பக்கத்துல அவளைப் பேய்னு சொல்லியிருக்கு? எட்டுப் புத்தகத்துக்கும் நான்தான் மெய்ப்பு பார்த்தேன். எட்டுலயும் வர்ற அந்தப் பொண்ணுக்குப் பக்கத்துல அந்தச் சொல் ஒரு இடத்துலயும் கிடையாது.

இயக்குநர்: சொல்லலைன்னா இல்லைன்னு ஆயிடுமா? மூணாவது புத்தகத்துல பல் டாக்டர் கிணத்துல விழுந்து செத்துப்போறார். ஆறாவதுல அவரே கிளினிக் திறந்து வெச்சிருக்கார். வரிசையில உட்கார்ந்திருக்கற ஒரே ஆள் இந்தப் பொண்ணுதான். செத்தவர்கிட்டப் பல்லைக் காட்டறவ உயிரோட இருப்பாளா?

அக்கா: பல் வலின்னு வந்துட்டா யார்கிட்ட வேணா காட்டுவாங்க தம்பி.

இயக்குநர்: மேடம், நான் சீரியஸா பேசறேன்.

அக்கா: நானும்தான். உங்களுக்குக் கடைவாய்ப் பல் வலிச்சதில்ல போல.

இயக்குநர்: சரி, அதை விடுங்க. நாலாவது புத்தகம். பஸ் முழுக்கக் கூட்டம். கண்டக்டர் எல்லாருக்கும் டிக்கெட் கிழிக்கறார், அவளுக்கு மட்டும் கிழிக்கல. ஏன்? அவர் கண்ணுக்கு அவ தெரியல. வாசகர்கள் எத்தனை பேர் இதை எழுதியிருக்காங்க தெரியுமா?

திருத்துநர்: வாசகர்கள் முதல் புத்தகத்தைத் திரும்பப் படிக்கட்டும். டிக்கெட் எடுக்காம ஏமாத்தறது அவ வழக்கம். கண்டக்டர் பக்கத்துல வர்றப்ப தூங்கற மாதிரி நடிப்பா.

அக்கா: அய்யோ, ஆமா! ஒருதரம் நடிச்சு நடிச்சு நிஜமாவே தூங்கி டிப்போ வரைக்கும் போயிட்டாளே. வாலு அப்படித்தான்...

இயக்குநர்: வாலா? அப்படி யாரும் எந்தப் புத்தகத்துலயும் வரலையே மேடம்.

திருத்துநர்: அக்கா.

அக்கா: ...ஒண்ணுமில்ல. வேற எதையோ நினைச்சுட்டேன்.

இயக்குநர்: டிப்போ வரைக்கும் போனது எதுலயும் இல்லையே. எனக்கு எட்டும் மனப்பாடம் சார். வெளியிடாத அத்தியாயம் ஏதாவது இருக்கா?

திருத்துநர்: இல்லை. நீங்க வெளியிட்ட படங்களைப் பத்திப் பேசுவோமா? ரெண்டாவது படத்துல இந்தக் கதவுக்கு நீலம் அடிச்சீங்க. கேட்டா, ஹீரோ சட்டை பச்சையாம்.

இயக்குநர்: முதல் நாலு படமும் நான் எடுக்கல சார். அது வேற டைரக்டர்.

திருத்துநர்: நாலாவதுல அவளை ஆட விட்டீங்க. நாற்பது பேர் பின்னாடி நின்னு ஆடறாங்க. மூச்சே இல்லாத பேய்னு நீங்கதான் சொல்றீங்க. மூச்சில்லாதவ எப்படித் தம்பி அந்த உச்ச ஸ்தாயியில பாடினா?

அக்கா: ரத்தத்தைச் சொல்லு. தக்காளிச் சாறுல முக்கி எடுத்த மாதிரி. லேப்ல எல்லாரும் சேர்ந்து போனோம், சிரிச்சு மானம் போச்சு.

இயக்குநர்: அந்தக் கோவம் எனக்கும் இருக்கு! பதினாலு வயசுல போர்வைக்குள்ள டார்ச் அடிச்சுப் படிச்சவன் சார் நான். அந்தப் படங்களைப் பாத்துட்டு வெளிய வந்து நடுரோட்டுல நின்னு கத்தியிருக்கேன். இதை ஒழுங்கா எடுக்கணும்னுதான் ஆறு வருஷமா ஒவ்வொரு வாசலா ஏறி இறங்கியிருக்கேன். ஆனா தியேட்டர்ல உட்கார்ந்திருக்கறவன் கையில புத்தகம் கிடையாது. பேய்ங்கறது அவனுக்குக் கடைசி நொடியில உறைக்கணும். தமிழ்ல அதைச் சொல்ல ஒரு விகுதி போதும். அந்த வசதியை ஏன் சார் தடுக்கறீங்க?

திருத்துநர்: வசதியா?

இயக்குநர்: அதுல அவமரியாதை என்ன இருக்கு? வீட்ல குழந்தையைக்கூட "அது தூங்குது"ங்கறோம். ஆசையாத்தானே சொல்றோம்?

திருத்துநர்: பேச்சுல சொல்வோம். அச்சுல சொல்லமாட்டோம். மனுஷங்களை அஃறிணையில எழுதினா அது பிழை.

அக்கா: பெரியக்காவும் இதையேதான் சொல்லுச்சு, இவன்...

திருத்துநர்: சொன்னாங்க.

அக்கா: சொன்னாங்க! போதுமா? தாலாட்டுலகூட ஒற்றுப்பிழை பாக்கற ஜென்மம். பெரிய யோக்கியன் மாதிரி பேசறான் பாருங்க தம்பி. ஆபீஸ்லேருந்து வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள, "அது சாப்பிடுச்சா, அது படிச்சுதா, அது எங்க போச்சு"ன்னு கேட்டவன் யாருடா? ஒருநாளாவது அவளை "அவ"ன்னு சொல்லியிருக்கியா நீ?

திருத்துநர்: அக்கா, போதும்.

அக்கா: என்ன போதும்? அவருக்குத் தெரிஞ்சா என்ன இப்ப?

இயக்குநர்: மேடம்... யாரைச் சொல்றீங்க?

அக்கா: அவனையே கேளுங்க.

இயக்குநர்: சார்?

திருத்துநர்: எங்க கடைசித் தங்கச்சி. வீட்ல வாலுன்னு கூப்பிடுவோம். பத்தொன்பது வயசு. ஒருநாள் சாயங்காலம் இந்தக் கதவைச் சாத்திட்டு வெளிய போனாள். படர்க்கை, பெண்பால், ஒருமை, இறந்தகாலம். அதுக்கு மேல எங்களுக்குத் தகவல் இல்லை.

இயக்குநர்: அந்தப் பச்சைக் கதவுப் பொண்ணு...

திருத்துநர்: ஏழு புத்தகத்துல பெரியக்கா அவளைக் கதவுக்கு வெளிய கொண்டுவந்து நிறுத்தினாங்க. ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்கறவங்க பயந்துக்கிட்டுத் திறக்கல. அது உங்களுக்குத் திகில். எட்டாவதுலதான் ஒருத்தி திறந்தா. வந்தவளைப் போய் ஒரு விகுதியில சாகடிக்கறதுக்கு என் கையெழுத்து கேக்கறீங்க.

இயக்குநர்: சத்தியமா எனக்குத் தெரியாது சார். நான்... நான் கிளம்பறேன். இந்த மாதிரின்னு தெரிஞ்சிருந்தா வந்தே இருக்கமாட்டேன்.

அக்கா: உட்காருங்க! யாரும் எங்கயும் கிளம்பவேண்டாம். இன்னிக்கு முடிவு தெரிஞ்சாகணும். படத்துக்காக இல்ல, எனக்காக.

திருத்துநர்: கத்தாதே.

அக்கா: கத்துவேன். கதவுக்கு வேற பெயிண்ட் அடிக்க விடமாட்டே, அவளுக்கு அடையாளம் தெரியாதாம். பூட்டை மாத்த விடமாட்டே, பழைய சாவி அவகிட்ட இருக்காம். என் மூட்டு ரெண்டும் தேஞ்சு கிடக்கு, லிப்ட் இருக்கற இடமா பாத்துப் போலாம்டான்னா, வந்தா தேடுவாளாம். நீ ஒரு விகுதியைக் கட்டிக்கிட்டு அழு. நான் எத்தனை வருஷம்டா இந்த மாடிப்படியைக் கட்டிக்கிட்டு அழறது? அவ வரமாட்டாடா!

திருத்துநர்: பேனா எங்க வெச்சேன்?

அக்கா: கேளு. "உனக்கு எப்படித் தெரியும்"னு கேளு.

திருத்துநர்: இங்கதான் வெச்சேன்...

இயக்குநர்: எப்படித் தெரியும் மேடம்?

அக்கா: பாருங்க, நீங்க கேக்கறீங்க. கூடப் பிறந்தவன் பேனாவைத் தேடறான். டேய்... அஞ்சாவது புத்தகம் எழுதிட்டிருந்தப்ப நானும் பெரியக்காவும் ஊருக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? புத்தகக் கண்காட்சின்னு சொல்லிட்டு.

திருத்துநர்: நான் எழுதிட்டிருக்கேன் அக்கா. "மேற்கண்ட நாவலின் இறுதி வாக்கியம் குறித்து"...

அக்கா: கண்காட்சி இல்லடா. ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டாங்க. அடையாளம் காட்டச் சொன்னாங்க.

திருத்துநர்: ..."உரிமையாளர்களாகிய நாங்கள் இருவரும்"...

அக்கா: துணியை விலக்கினாங்க. பெரியக்கா திரும்பிக்கிச்சு. நான்தான் பாத்தேன். அது அவதான்டா.

திருத்துநர்: "அது அவதான்."

அக்கா: ஆமாடா.

திருத்துநர்: மூணு சொல்கூட இல்லை. அதுக்குள்ள ரெண்டு திணை.

அக்கா: கடவுளே... இப்பவுமாடா இலக்கணம்?

திருத்துநர்: வேற என்ன வெச்சிருக்கேன் நான்?

அக்கா: ...அவன் தாங்கமாட்டான், சொல்லாதேன்னு பெரியக்கா என் கையைப் பிடிச்சுக்கிச்சு. அங்கயே எல்லாத்தையும் முடிச்சுட்டு, வர்ற வழியில உனக்குப் பொய்க்கு நாலு புத்தகம் வாங்கினோம்.

இயக்குநர்: மேடம், அப்ப... எட்டாவது புத்தகம் எழுதறப்ப அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் "வந்தாள்"னு எழுதியிருக்காங்க.

திருத்துநர்: தெரிஞ்சதாலதான் எழுதினாங்க தம்பி. ஒருத்தி செத்துப்போனா எப்படி எழுதுவீங்க? "இறந்தாள்"னுதானே? "இறந்தது"ன்னு எழுதறதில்லையே. கடைசி வினைமுற்று வரைக்கும் அவ உயர்திணைதான். அதுக்கப்புறம்தான் நாம சவம்ங்கறோம், பேய்ங்கறோம். பெரியக்கா அந்த எல்லையைத் தாண்ட மாட்டேன்னுட்டாங்க. நானும் தாண்டமாட்டேன்.

இயக்குநர்: சரி சார். வேண்டாம். படமே வேண்டாம். இந்த வரியை நான் தொடமாட்டேன்.

திருத்துநர்: ஆறு வருஷம் வாசல் ஏறி இறங்கினவர் ஒரு நிமிஷத்துல இப்படிச் சொல்லக்கூடாது. எழுதி முடிச்சுட்டேன். படிக்கறேன், கேளுங்க. "நூலின் இறுதி வாக்கியம் இப்போது உள்ளவாறே இருக்கும்; எந்தப் பதிப்பிலும் அதனை மாற்ற இசைவில்லை. திரைப்படத்தில் 'வந்தாள்' என்ற சொல்லையோ 'வந்தது' என்ற சொல்லையோ பயன்படுத்தலாகாது. 'கதவைத் திறந்தேன். வந்து' என்ற அளவில் குரல் நிற்கலாம்."

இயக்குநர்: வந்து? அவ்வளவுதானா? வாக்கியம் முடியவே இல்லையே சார்.

திருத்துநர்: வினையெச்சம். அதுக்குத் திணையும் கிடையாது, பாலும் கிடையாது. உயிரோட வந்தாலும் "வந்து", செத்து வந்தாலும் "வந்து". மீதியைத் தியேட்டர்ல இருக்கறவங்க முடிச்சுக்கட்டும்.

இயக்குநர்: கதவைத் திறந்தேன்... வந்து... சார், அதோட திரை இருண்டுட்டா ஒருத்தன் எழுந்திருக்கமாட்டான்.

திருத்துநர்: பாட்டு போடாம இருந்தா.

இயக்குநர்: போடமாட்டேன் சார். கதவும் பச்சைதான்.

திருத்துநர்: அக்கா, இங்க ஒரு கையெழுத்து. என் பேருக்குக் கீழ. முழுப் பேரா போடு, கிறுக்காதே.

அக்கா: பேனாவைக் கொடுடா.

திருத்துநர்: இந்தா. மெதுவா போடு.

அக்கா: ...போட்டுட்டேன். டேய், ஏன்டா என்னைத் திட்டவே இல்ல? இத்தனை வருஷம் மறைச்சு வெச்சிருந்தேன். கன்னத்துல அறைஞ்சிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்.

திருத்துநர்: நீங்க ரெண்டு பேரும் திரும்பி வந்த அன்னிக்கு, அதுவரைக்கும் அவளுக்காக விடிய விடிய எரிஞ்சுட்டிருந்த வாசல் விளக்கைப் பெரியக்காவே போய் அணைச்சுட்டுப் படுத்தாங்க.

அக்கா: அன்னிக்கே உனக்குத் தெரிஞ்சுடுச்சா? அப்ப பூட்டு, பெயிண்ட், சாவி... அதெல்லாம் எதுக்குடா?

திருத்துநர்: நான் இன்னும் காத்துட்டிருக்கேன்னு நினைச்சுத்தானே நீங்க ரெண்டு பேரும் என் முன்னால அழாம இருந்தீங்க. அதை ஏன் நான் கெடுக்கணும்? இந்தாங்க தம்பி, தீர்மானம். மை இன்னும் காயல, மடிக்காமப் பிடிங்க.